குருதியின் சரித்திரம் – 14: ரத்தம் எங்கே போனது?

சென்ற இதழில், ரத்த அழுத்தத்தை அளக்கும் ரிவா-ரோச்சியின் கருவி இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த கதையைப் பார்த்தோம். 1901-இல் அதைக் கையோடு கொண்டுபோனவர் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். பதினாறு ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரின் நடுவில், அதே குஷிங்குடன் ஹார்வர்ட் பல்கலைக்கழக மருத்துவக் குழு ஒன்று பிரான்சுக்குக் கப்பலேறியது. அந்தக் குழுவில் கத்தி பிடிக்காத ஒருவரும் இருந்தார். வால்டர் கேனன், 45 வயது, உடலியல் பேராசிரியர். பயமோ கோபமோ வந்தால் அட்ரினல் சுரப்பி உடலைச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ எப்படித் தயார்ப்படுத்துகிறது என்று 1915-இல் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்த மனிதர். 1917 கோடையில் அவர் வட பிரான்சின் பெத்யூன் நகருக்குப் போனார். போர்முனைக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் காயச் சிகிச்சை முகாம் ஒன்று அங்கே இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் வந்திறங்கியவர்களில் ஒரு சாரார் அவரைத் திகைக்க வைத்தார்கள். குண்டுச் சிதறல் தொடையைக் கிழித்திருக்கும், எலும்பு நொறுங்கியிருக்கும். ஆனால் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஆளைக் கொல்லும் அளவுக்கு ரத்தம் கொட்டியதாகத் தெரியாது. ஆனாலும் முகம் வெளிறி, உதடு நீலம் பாய்ந்து, நெற்றியில் குளிர்ந்த வேர்வை அரும்பியிருக்கும். கையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கும். நாடி நூலாக, எண்ண முடியாத வேகத்தில் ஓடும். மூச்சு மேலோட்டமாக வாங்கும். தாகம் என்பான். தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுப்பான். பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்வான். ஆனால் தனக்கு என்ன ஆகும் என்ற கவலையே அவன் குரலில் இருக்காது. கேனன் கருவியைச் சுற்றி அழுத்தம் பார்ப்பார். 120 இருக்க வேண்டிய இடத்தில் 70, சிலரிடம் 60. சில மணி நேரத்தில் அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

மருத்துவர்கள் இதை ஷாக் என்றார்கள். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் 'பேஷன்ட் ஷாக்குக்குப் போயிட்டார்' என்றுதான் சொல்கிறார்கள். உடலின் உயிரணுக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பிராணவாயு, ரத்தம் வழியாகப் போதிய அளவு போய்ச் சேராமல் அவை மூச்சுத் திணறுகிற நிலை அது. ரத்த அழுத்தம் குறைவது அதன் ஓர் அடையாளம் மட்டுமே. சொல்லப்போனால் கடைசியில் வரும் அடையாளங்களில் ஒன்று. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள மருத்துவம் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கேனனுக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. ரத்தம் வெளியே கொட்டவில்லை. நாளங்களிலும் இல்லை. அப்படியானால் அது எங்கே போனது?

இந்தக் கேள்வியின் பாதி விடை 85 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்காட்லாந்தின் துறைமுக நகரம் ஒன்றில் கிடைத்திருந்தது. கிடைத்த கையோடு தொலைந்தும் போயிருந்தது. 1817-இல் வங்கத்திலிருந்து கிளம்பிய காலரா, தரை வழியாகவும் கடல் வழியாகவும் நகர்ந்து நகர்ந்து 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கரையேறியது. அங்கே நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கப் போனவர் வில்லியம் ப்ரூக் ஒஷாக்னசி. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். காலரா கண்டவரின் ரத்தம் தாரைப்போல் கெட்டியாக இருந்தது. அதில் நீரும் குறைந்திருந்தது, உப்பும் குறைந்திருந்தது, காரத்தன்மையும் குறைந்திருந்தது. நோயாளியின் வாந்தியிலும் கழிச்சலிலும் அவை அத்தனையும் வெளியேறியிருந்தன. போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று அவர் எழுதினார்.

எழுதியதைச் செய்து பார்த்தவர் எடின்பரோவை ஒட்டிய லீத் நகரின் மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், சாகும் தறுவாயில் கிடந்த மூதாட்டி ஒருவரின் கை நாளத்தைத் திறந்து, அதற்குள் குழாயைச் செருகி, உப்பும் சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான நீரை மெல்ல மெல்ல ஏற்றினார். கிருமியால் நோய் வரும் என்பதை மருத்துவம் அறியாத காலம். கொதிக்க வைத்து ஆற்றிய நீர் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. முதலில் ஒரு மாற்றமும் இல்லை. லாட்டா நிறுத்தவில்லை. பிறகு மூச்சு சீராகத் தொடங்கியது. குழிவிழுந்த கண்ணில் ஒளி வந்தது. காணாமல் போயிருந்த நாடி மணிக்கட்டில் திரும்பியது. சில்லிட்டிருந்த கைகால் சூடேறியது. ஆறு பைன்ட், அதாவது மூன்று லிட்டருக்கும் மேல் உள்ளே போயிருந்தது. தனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் தூங்கினால் போதும் என்று அந்த அம்மையார் தெளிவான குரலில் சொன்னார்.

லாட்டா அவரை மருத்துவமனையின் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். கழிச்சல் மறுபடி தொடங்கியது. மறுபடி நீர் ஏற்ற யாரும் இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்தார். விட்டுப் போயிருக்கக் கூடாது, திரும்பத் திரும்ப ஏற்றியிருக்க வேண்டும் என்பதை லாட்டா அன்றே உணர்ந்துவிட்டார். அவர் எழுதிய கடிதம் ஜூன் மாத லான்செட் இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே அவரும் காலமானார். ஒஷாக்னசி கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறி, பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர் என்று பெயர் பெற்றார். காலராக் கொள்ளைநோய் தணிந்ததும் மருத்துவர்கள் அட்டை விடுவதற்கும் ரத்தம் இறக்குவதற்கும் திரும்பினார்கள். தண்ணீரும் உப்பும் வற்றிச் செத்துக்கொண்டிருந்தவர்களின் உடலிலிருந்து மேலும் ரத்தத்தை எடுத்தார்கள். லாட்டாவின் வழி பரவலாகப் புழக்கத்துக்கு வர அந்த நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் இதைவிடத் துயரமான இடைவெளி எனக்குத் தட்டுப்படவில்லை.

பிந்தைய தலைமுறைக்கு லாட்டாவின் விடை பொருந்தவில்லை என்பதும் மறதிக்கு ஒரு காரணம். காலராவில் நீர் கண்ணெதிரே வெளியேறுகிறது. ரயிலும் இயந்திரமும் பெருகிய காலத்தில் நசுங்கிய காலோடு வந்தவர்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே குற்றவாளியை நரம்பு மண்டலத்தில் தேடினார்கள். அந்தத் தேடலின் பெரிய பெயர் கிளீவ்லாந்து நகரின் ஜார்ஜ் கிரைல். இளமையில், டிராம் வண்டியில் கால்கள் நசுங்கிய தன் நண்பன் ஷாக்கில் இறந்ததைப் பார்த்தவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. 148 நாய்களில் சோதனை செய்து 1899-இல் நூல் வெளியிட்டார். வலி மூளையைச் சலிக்கச் சலிக்கத் தாக்கி, நாளங்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்பு மையம் களைத்துப்போகிறது, நாளங்கள் தளர்ந்துவிடுகின்றன என்பது அவர் முடிவு. அந்த முடிவு நிற்கவில்லை. ஆனால் அறுவை மேசையில் ஒவ்வொரு நோயாளிக்கும் அழுத்தம் அளந்தே ஆக வேண்டும், மயக்கமும் வலிநீக்கமும் ஒழுங்காக இருக்க வேண்டும், ரத்தம் ஏற்றத் தயங்கக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதம் ஏராளமானோரைப் பிழைக்க வைத்தது. கோட்பாடு தவறி, கைப்பழக்கம் சரியாக அமைந்த மனிதர் அவர்.

கேனன் பெத்யூனில் கண்டது கிரைலின் விளக்கத்துக்கு நேர் எதிர். நாளங்கள் தளர்ந்திருந்தால் தோல் சிவந்து சூடாக இருக்க வேண்டும். இவர்கள் வெளுத்துக் குளிர்ந்திருந்தார்கள். அதாவது நாளங்கள் இறுகியிருந்தன. தன் சொந்த ஆராய்ச்சியே அவருக்கு இங்கே கைகொடுத்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்குப் போகும் மதகுகளைத்தான் முதலில் அடைப்பார்கள். உடலும் அதையே செய்கிறது. அட்ரினலின் உத்தரவில் தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் நிறுத்தப்படுகிறது. இருப்பதெல்லாம் இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடப்படுகிறது. தோல் வெளுப்பதும், வேர்ப்பதும், நாடி பறப்பதும், சிறுநீர் வற்றுவதும் அந்தத் திருப்பிவிடலின் தடயங்கள்.

இந்தச் சமாளிப்பு நடக்கும்வரை அழுத்தம் ஏமாற்றும். இன்று விபத்து மருத்துவத்தில் கற்பிக்கிற கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முக்கால் லிட்டர் வரை போனால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது நாடி 100-ஐத் தாண்டும், ஆள் பதற்றமாவார், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கும். மேல் அழுத்தம் மட்டும் அசையாமல் நிற்கும். ஒன்றரை லிட்டருக்கு மேல் போன பிறகுதான் அது சரியத் தொடங்குகிறது. இரண்டு லிட்டர் தாண்டினால் நினைவு தடுமாறுகிறது. இளைஞர்களிடமும் குழந்தைகளிடமும் இந்தச் சமாளிப்பு இன்னும் பலமாக இருக்கும். அதனால்தான் அவர்கள் நன்றாக இருப்பதுபோல் இருந்து திடீரென்று சரிகிறார்கள்.

கேனன் இன்னொன்றும் செய்தார். காயம்பட்டவர்களின் ரத்தத்தில் காரத்தன்மை எவ்வளவு என்று சோதித்தார். அழுத்தம் எவ்வளவு தாழ்ந்திருந்ததோ, ரத்தம் அவ்வளவு அமிலமாகியிருந்தது. இதுதான் காரணம் என்று நினைத்து சோடா உப்பைக் கரைத்து நாளத்தில் ஏற்றினார். பலன் நிலைக்கவில்லை. அமிலம் காரணமல்ல, விளைவு. பிராணவாயு கிடைக்காத உயிரணு வேறு வழியில்லாமல் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கொரு தரம் 'லாக்டேட் எவ்வளவு' என்று கேட்கிறார்களே, கேனன் பெத்யூனில் துரத்திய அதே தடயம்தான் அது.

போர் முடிவதற்குள் கேனனின் கேள்விக்கான அளவு விடை ஒன்று கிடைத்தது. நார்மன் கீத் என்பவர் சாயத்தை ரத்தத்தில் கலந்து, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பதை வைத்து ஓடும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட்டார். கடும் ஷாக்கில் இருந்தவர்களிடம் அது இயல்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்திருந்தது. ஆக, ரத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது. அதே ஹார்வர்ட் குழுவின் ஆஸ்வால்ட் ராபர்ட்சன், சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்த பாட்டில்களில் முன்கூட்டியே ரத்தத்தைச் சேகரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 1917 நவம்பரில் கம்ப்ரே போர்முனைக்குக் கொண்டுபோனார். இன்று ஓ குரூப் என்று நாம் சொல்லும் ரத்தத்தை மட்டுமே எடுத்தார், யாருக்கும் கொடுக்கலாம் என்பதால். உலகின் முதல் ரத்த வங்கி என்று பலரும் சொல்வது அந்த ஐஸ் பெட்டியைத்தான்.

கேனன் சொன்ன ஓர் எச்சரிக்கையையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும். ரத்தக் கசிவை அடைக்காமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால், உறைந்து நின்ற ரத்தமும் பிய்த்துக்கொண்டு வெளியேறும் என்று அவர் 1918-லேயே எழுதினார். கவனித்தவர்கள் குறைவு. 1994-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், உடலின் நடுப்பகுதியில் குண்டடியோ கத்திக்குத்தோ பட்ட 598 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வழியிலேயே நீர் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பிழைத்தார்கள். அறுவை அரங்குக்குப் போகும்வரை நீர் ஏற்றாமல் நிறுத்திவைத்தவர்களில் 70 சதவீதம்.

சரி, குறைந்த ரத்தம் போன இடம்? இங்கே கேனனே தடம் மாறினார். லண்டனின் வில்லியம் பேலிஸுடன் சேர்ந்து, மயக்கத்தில் இருந்த பூனைகளின் தொடைத் தசையை நசுக்கிப் பார்த்தார். அழுத்தம் சரிந்தது. நரம்பை வெட்டினாலும் சரிந்தது. காலுக்குப் போகும் நாளங்களைக் கட்டிவிட்டால் சரியவில்லை. இரு கால்களையும் வெட்டி எடை பார்த்தார்கள். நசுங்கிய கால் கொஞ்சம் கனமாக இருந்தது, ஆனால் போதுமான அளவு இல்லை. ஆகவே நசுங்கிய தசையிலிருந்து ஏதோ நஞ்சு கிளம்பி நாளங்களைச் செயலிழக்கச் செய்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஹென்றி டேல் ஹிஸ்டமின் என்ற பொருளைச் செலுத்தி ஏறக்குறைய அதே நிலையை உண்டாக்கிக் காட்டியது அந்த முடிவுக்குப் பலம் சேர்த்தது. 1923-இல் கேனன் எழுதிய நூலோடு நஞ்சுக் கோட்பாடு பாடப்புத்தகம் ஏறியது.

அதை உடைத்தவர் டென்னசி மாநிலம் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளம் அறுவை மருத்துவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: காலை எந்த இடத்தில் வெட்டி எடை போட்டீர்கள்? நசுங்கிய தசையில் ஊறும் நீர் தொடையோடு நின்றுவிடுவதில்லை. அது மேலேறி இடுப்புக்கும் அடிவயிற்றுத் தசைக்கும் பரவுகிறது. தொடையோடு வெட்டினால் பாதி, வெட்டிய கோட்டுக்கு மேலே தங்கிவிடும். பிளேலாக் நாய்களில் இடுப்பையும் சேர்த்து, இன்னும் மேலே வெட்டி எடை போட்டார். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அழுத்தம் சரிவதற்குப் போதுமான ரத்தமும் நீரும் காயம்பட்ட பகுதிக்குள்ளேயே தேங்கியிருந்தன. நஞ்சு தேவைப்படவில்லை. 1930-இல் கட்டுரை வெளியானது. பெத்யூனின் கேள்விக்கு விடை அந்த வீங்கிய தொடைகளுக்குள்ளேயே இருந்தது. தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் ஒரு சொட்டும் வெளியே தெரியாமல் தசைக்குள் தேங்கிவிடும் என்பது இன்று எந்த எலும்பு மருத்துவருக்கும் தெரியும்.

அதே 1930 பிப்ரவரியில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். விவியன் தாமஸ், 19 வயது, கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். பொருளாதார வீழ்ச்சியில் வங்கி மூழ்கிச் சேமிப்பு போயிற்று. சில வாரங்களில் அவரே நாய்களுக்கு மயக்கம் கொடுத்தார், நாளங்களைத் திறந்தார், அளவுகளைக் குறித்தார், வேதியியல் சோதனைகளையும் செய்தார். அடுத்த பத்தாண்டுகள் பிளேலாக்கின் ஷாக் ஆராய்ச்சியைத் தோளில் சுமந்தவர் அவர். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் துப்புரவுப் பணியாளர் வகையில் இருந்தது. ஷாக்கின் வரலாற்றை எழுதும் யாரும் பிளேலாக்கின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் இவர் பெயரையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

1934-இல் பிளேலாக் இன்னொரு காரியம் செய்தார். ஷாக் என்பது ஒரே நோய் அல்ல என்றார். ரத்தம் குறைவதால் வருவது ஒன்று, நரம்பால் வருவது ஒன்று, நாளங்கள் தளர்வதால் வருவது ஒன்று. இதயம் தளர்ந்தாலும் இதே கோலம்தான். ஒரே காரணத்தைத் தேடித் தேடி நூறு ஆண்டுகள் அலைந்த துறையில் அது பெரிய திருப்பம். அந்தப் பிரிவினையைச் செப்பம் செய்து 1972-இல் ஹின்ஷாவும் காக்ஸும் வகுத்த நால்வகைப் பாகுபாட்டைத்தான் இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

முதல் வகை இதுவரை பார்த்ததுதான். நாளங்களுக்குள் சரக்கு குறைந்துபோவது. ரத்தப்போக்கு, காலரா, தீக்காயம் எல்லாம் இதில் அடக்கம்.

இரண்டாவது, பம்பே பழுதாவது. பெரிய மாரடைப்பில் இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்தால் ரத்தம் இருந்தும் தள்ள ஆள் இல்லை. 1942-இல் ஸ்டெட், எபர்ட் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனியாக விவரித்தார்கள். குளிர்ந்த கை, பறக்கும் நாடி எல்லாம் முதல் வகையைப் போலவே இருக்கும். கழுத்தைப் பார்க்க வேண்டும். ரத்தம் குறைந்தவருக்குக் கழுத்து நாளம் ஒட்டிக் கிடக்கும். இதயம் தளர்ந்தவருக்குப் புடைத்து நிற்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். இவருக்கு லாட்டாவைப்போல் மூன்று லிட்டர் ஏற்றினால் மூழ்கடிப்பதாகும். இதயத்தின் அடைத்த ரத்தக் குழாயை உடனே திறப்பதே வழி. 1999-இல் வெளியான ஆய்வில், அப்படித் திறந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 50 சதவீதம், மருந்தோடு காத்திருந்தவர்களில் 63 சதவீதம். இன்றும் ஷாக் வகைகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று இது.

மூன்றாவது, வழி அடைபடுவது. இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை விரிய விடாமல் நெருக்கலாம். விலா உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொள்ளலாம். காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கலாம். இதில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் சில நேரம் ஒரே ஓர் ஊசிக்குத்தில் ஆள் எழுந்துவிடுவார். மற்ற வகைகளில் அரிதாகவே காணக்கூடிய திருப்பம் இது.

நான்காவதுதான் மருத்துவர்களை அதிகம் ஏமாற்றியது. இதில் ரத்தமும் இருக்கும், இதயமும் துடிக்கும், நாளங்கள் மட்டும் தளர்ந்து விரிந்துவிடும். முதுகுத்தண்டு அடிபட்டால் இப்படி ஆகலாம். அப்போது கை சூடாக, நாடி மெதுவாக இருக்கும். ஒவ்வாமையிலும் ஆகலாம். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போன சார்ல் ரிஷேயும் பால் போர்த்தியேயும் கடல்வாழ் உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கி, கரை திரும்பியபின் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்தார்கள். சில நிமிடங்களில் மூச்சிரைத்து, ரத்த வாந்தி எடுத்து, அரைமணிக்குள் இறந்தது. ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சிலின் ஊசிக்கோ குளவிக்கடிக்கோ இன்று யாராவது திடீரெனச் சுருண்டு விழுந்தால் தொடைத் தசையில் உடனே அட்ரினலின் போடுவதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இந்த வகையில் மிகுதியாக உயிர் குடிப்பது கிருமித் தொற்றால் வரும் செப்டிக் ஷாக். இறந்த கிருமிகளின் உடலிலும் நஞ்சு தங்கியிருக்கும் என்பதை 1892-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டுபிடித்தார். அவர் ஆராய்ந்ததும் காலராக் கிருமியைத்தான். தொடக்கத்தில் இந்த நோயாளியின் கை சூடாக, சிவந்து இருக்கும். காய்ச்சல், வேகமான மூச்சு, லேசான குழப்பம், அவ்வளவுதான். குளிர்ந்த கையையே ஷாக்கின் இலக்கணமாகப் படித்தவர்கள் இவரைத் தவறவிட்டார்கள். கை குளிரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டெங்குவில் நாளங்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர் மட்டும் நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் ஒழுகிப்போகிறது. பெத்யூனின் கேள்வி இங்கே வேறு உருவில் வருகிறது. ஒரு துளிகூட வெளியே வராது. பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையின் சுசித்ரா நிம்மனித்யா இந்தக் கசிவின் கால ஒழுங்கைப் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்து எழுதினார். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஆபத்து குறைவு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிறதே, அப்போதுதான் கசிவு தீவிரமாகும். வீட்டில் எல்லோரும் நிம்மதி மூச்சு விடும் நேரம் அது. குழந்தையின் மேல் அழுத்தம் 100 இருக்கும், கீழ் அழுத்தம் 85 இருக்கும். 100 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. இரண்டுக்கும் இடையில் 20-ம் அதற்குக் கீழும் வந்துவிட்டால் அது ஷாக். தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் தினமும் கேட்டுப் பதறுகிற நாம், வயிற்றுவலி, விடாத வாந்தி, சில்லிட்ட கால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றைக் கேட்பதில்லை. உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விகள்தான்.

எல்லா ஷாக்குக்கும் ட்ரிப்ஸ்தான் மருந்து என்ற நம்பிக்கை 2011-இல் பலமான அடி வாங்கியது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டம் குறைந்த அறிகுறிகளோடும் வந்த 3,141 குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். வயிற்றுப்போக்குக் குழந்தைகள் இதில் சேர்க்கப்படவில்லை. வேகமாக நீர் ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தன. ஏற்றாத பிரிவில் நூற்றுக்கு ஏழு. லாட்டாவின் மூதாட்டிக்கு நாடியைத் திருப்பிக் கொடுத்த அதே உப்பு நீர்தான். நோய்தான் வேறு. ஆய்வைத் தொடங்கியவர்கள் எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறான முடிவை. வந்த முடிவை அப்படியே வெளியிட்ட அவர்களின் நேர்மைக்கு மருத்துவ உலகம் கடன்பட்டிருக்கிறது.

ஷாக் ஆராய்ச்சி பிளேலாக்கையும் தாமஸையும் நாஷ்வில்லோடு விட்டுவிடவில்லை. 1941-இல் இருவரும் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனார்கள். நாய்களின் நாளங்களைத் திறந்தும் தைத்தும் பழகிய கை இப்போது ஒரு குழந்தையின் இதயத்தை நெருங்கியது. 1944 நவம்பர் 29 அன்று பிளேலாக் அறுவை செய்ய, அவருக்குப் பின்னால் முக்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தாமஸ். நீலக் குழந்தைகளின் அந்தக் கதை அடுத்த இதழில்.